சுடாத கால்

என் வயசுக்காரங்க யாராச்சும் இதைப் படிச்சா ஒண்ணு கேக்கறேன். உங்க உள்ளங்காலைக் கடைசியா எப்பப் பாத்தீங்க? குனிய முடியலன்னு சொல்லாதீங்க. எனக்கும் முடியல, முட்டி ரெண்டும் சண்டைக்கு வருது. முகம் பாக்கற கண்ணாடியைத் தரையில வெச்சி, அதுக்கு மேல காலைத் தூக்கிப் புடிச்சி, தெனம் சாயங்காலம் பாத்துடறேன். வெரலுக்கு நடுவுல வெள்ளை பூத்திருக்கா, குதிகால்ல பித்த வெடிப்பு ஆழமாப் போவுதா, எங்கயாச்சும் செவந்திருக்கா, அவ்ளோதான். கல்யாண வூட்டுல பந்தி முடிஞ்சி ஒக்காந்தா நாம இன்னா பேசறோம்? உனக்கு சுகர் எவ்ளோ, எனக்கு எவ்ளோ, எந்த மாத்திரை, சாப்பாட்டுக்கு முன்னாலயா பின்னாலயா. அந்த சுகர் போய் குந்திக்கிற எடத்தை மட்டும் ஒருத்தரும் பாக்கறதில்ல. அது மேல நின்னுகினுதான் இவ்ளோ பேச்சும்.

எனக்கு இந்தப் புத்தி டாக்டர் சொல்லி வரல. நான் நாலாங்கிளாஸ் படிச்ச வருஷம் ஒரு ஆடி மாசத்துல வந்துச்சு.

திருத்தணி மலைக்குக் கீழ, அரக்கோணம் ரோட்டை ஒட்டி எங்களுக்குக் கொஞ்சம் நெலம். வேர்க்கடலை, கரும்பு, ஏரியில தண்ணி இருந்தா நெல்லு. வூட்டுல நைனா, அம்மா, நான், அப்பறம் நைனாவோட அக்கா, எங்க அத்தை. அத்தைக்குப் புருஷன் இல்ல. பங்காளி வூட்டுத் தீட்டுன்னு ஒரு வருஷம் எங்க வகையறாக் காவடி மலைக்குப் போகல. அந்த வருஷம்தான் மாமா காய்ச்சல்ல போயிட்டாரு. காவடி போகாததாலதான் போனாருன்னு அத்தை மனசுல பதிஞ்சி போச்சி. அதுக்கப்பறம் ஆடி பொறந்தா எங்க வூட்டுல அத்தை வெச்சதுதான் சட்டம்.

ஆடி ஒண்ணாந்தேதி நைனா மஞ்ச வேட்டி கட்டிக்கினு, டயர் செருப்பைக் கழட்டிப் பரண் மேல போட்டுடணும். கிருத்திகை அன்னிக்குக் காவடி மலையேறி எறங்கற வரைக்கும் கால்ல ஒண்ணும் கூடாது. கடலைக் கொல்லைக்குப் போனாலும் வெறுங்கால், பஜாருக்குப் போனாலும் வெறுங்கால். அந்த டயர் செருப்பை இப்ப எங்க தேடினாலும் கெடைக்காது. லாரி டயரை அறுத்து, மேல ரெண்டு பட்டை வெச்சி ஆணி அடிச்சிக் குடுப்பாங்க. கருவேல முள்ளையே மிதிச்சாலும் உள்ள வராது. ஆனா முதல் பத்து நாள் நம்ம காலை அது தின்னும், அப்பறம்தான் பழகும்.

எங்கம்மா இடுப்புச் சாவிக்கொத்துல முள்வாங்கி ஒண்ணு தொங்கும். வெரல் நீளத்துக்கு இரும்புக் கிடுக்கி. தெருவுல யாருக்கு முள்ளு குத்தினாலும் நொண்டிகினு எங்க வாசலுக்குத்தான் வருவாங்க. அம்மா அவங்க காலைத் தன் மடியில தூக்கி வெச்சிக்கும், எச்சில் தொட்டுத் தொடச்சிப் பாக்கும், ஒரே இழுப்பு. எடுத்த முள்ளை உள்ளங்கையில வெச்சிக் காட்டி, "இத்தினியூண்டு முள்ளுக்கா அவ்ளோ கத்து கத்தினே" ன்னு கேக்கும். நடவுக்குப் போற பொம்பளைங்க சேத்துப்புண்ணோட வந்தா, வெரல் இடுக்குல மருதாணி அரைச்சி வெச்சிக் கட்டி அனுப்பும். எனக்கு ஸ்கூலுக்குன்னு வாங்கின கேன்வாஸ் ஷூ என் காலை விட ரெண்டு சைஸ் பெருசு. வளர்ற பொண்ணு, அடுத்த வருஷமும் ஆவும்னு அத்தை பாத்து வாங்கினது. முன்னால துணியை அடைச்சிப் போட்டுக்கினு போவேன். குதிகால் தோல் உரிஞ்சி காலுறையோட ஒட்டிக்கும். அம்மா தண்ணி ஊத்தி ஊறவெச்சித்தான் பிரிச்செடுக்கும். ஊரு காலையெல்லாம் பாத்த பொம்பள, கட்டின புருஷன் காலை மட்டும் பாக்க முடியாம இருந்துச்சு. ஆடி மாசம் நைனா பக்கத்துலயே போகக்கூடாது, விரதம்.

இப்ப அந்தக் கால் கதைக்கு வரேன். ஆடிக் கிருத்திகை அன்னிக்கு மலை மேல உச்சி வெயில்ல நின்னவங்களுக்குத் தெரியும், கருங்கல்லு எப்படிக் காயும்னு. காவடி எடுத்து ஆடறவனும் கொஞ்ச நேரத்துல குதிக்க ஆரம்பிச்சிடுவான், அதை ஜனங்க சாமி ஆட்டம்னு நெனைச்சிக்கும். எங்க நைனாவும் முன்ன அப்படிக் குதிச்சவர்தான். கீழ எறங்கி வந்து, "முருகன் வள்ளியைக் கட்டிக்கினு மேல குளுகுளுன்னு உள்ள ஒக்காந்துட்டான், நம்ம காலுதான் அப்பளமா பொரியுது" ன்னு சொல்லி எங்களைச் சிரிக்க வெப்பாரு. அந்த வருஷத்துக்கு முந்தி ரெண்டு வருஷமா அவரு குதிக்கல. எல்லாரும் நெழலுக்கு ஓடறாங்க, இவரு நட்ட நடுவுல காவடியோட மெதுவா நடக்கறாரு. அத்தை அதைப் பாத்துட்டு அங்கயே கன்னத்துல போட்டுக்கினாங்க. "எந்தம்பிக்குக் கல்லு சுடல. வேலன் உள்ளங்கையில வெச்சித் தாங்கறான்" ன்னு ஊரு முழுக்கச் சொன்னாங்க. அதுலேருந்து ஜனங்க நைனா கால்ல வுழ ஆரம்பிச்சாங்க. அம்மையார்குப்பத்துலேருந்து ஒரு தறிக்காரக் குடும்பம் கைக்குழந்தையைத் தூக்கிகினு வந்து அவர் கால்ல போட்டு எடுத்துச்சு. கொஞ்ச நாள்ல நைனா அப்பளம்னு பேசறதை வுட்டுட்டாரு. அவரே நம்பிட்டாரு.

செருப்பு போடற மாசங்கள்ல அவர் செருப்பு கொல்லை வரப்புல தனியாக் கெடக்கும். கழண்டது தெரியாம இவரு வூடு வந்து சேந்திருப்பாரு. நான்தான் ஓடிப்போய் எடுத்துகினு வருவேன். "உங்க நைனா செருப்பை மேய வுட்டுட்டு வந்துட்டாருடி" ன்னு தெருவுல சிரிப்பாங்க, நாங்களும் சேந்து சிரிப்போம். அப்பறம் அந்த தாகம். சொம்பு சொம்பாத் தண்ணி குடிப்பாரு, அடிக்கடி வெளியப் போவாரு. விரத உடம்பு, சூடு புடிச்சிருக்குன்னு அத்தை வெல்லத்தைக் கரைச்சி ஏலக்காய் தட்டிப் போட்டுப் பானகம் பானையில ரொப்பி வெப்பாங்க. அதை அவரு குடிக்கக் குடிக்க தாகம் ஏறும். தாகம் ஏற ஏற அத்தை வெல்லம் இடிப்பாங்க. பாசத்துல ஊத்தினாங்க.

அந்த ஆடியில கிருத்திகைக்கு நாலஞ்சி நாள் முன்னால, காவடிக்கு வேப்பிலையும் பூவும் யாரு கட்டறதுன்னு நைனா பூக்காரர்கிட்ட வாசல்ல ஒக்காந்து பேசிக்கினு இருந்தாரு. எங்க வழக்கத்துல காவடி எடுக்கறவர் காலை வூட்டுப் பொண்ணு மஞ்சத்தண்ணி ஊத்திக் கழுவணும். கழுவிக்கினே வந்தவ, வலது கால் கட்டை வெரலுக்குக் கீழ கறுப்பா ஒரு புள்ளி பாத்தேன். மண்ணுன்னு நெனைச்சித் தேய்ச்சேன், போகல. அழுத்தினேன், பக்கத்துலேருந்து மஞ்சளா எதுவோ வந்துச்சு, நாத்தம் மூக்கைத் துளைச்சிச்சி. நான் இவ்ளோ அழுத்தறேன், நைனா பேச்சை நிறுத்தவே இல்ல. "கதம்பம் வாணாம், சாமந்தியே கட்டு" ன்னு சொல்லிக்கினு இருக்காரு. உள்ள ஓடி அம்மாவை இட்டுகினு வந்தேன்.

அம்மா விரதத்தையெல்லாம் பாக்கல. நேரா வந்து குந்திக்கினு, காலைத் தூக்கி மடியில வெச்சி, முள்வாங்கியால புடிச்சி இழுத்துச்சு. கருவேல முள்ளு, பாதி வெரல் நீளம். அது வந்த வழியிலயே சீழும் கொட்டுச்சு. அம்மா அதை உள்ளங்கையில வெச்சிக்கினு நைனா மூஞ்சியைப் பாத்துச்சு.

"வலிக்கலையாங்க?"

"இல்லையே. எப்ப ஏறிச்சின்னே தெரில."

அத்தை பூஜை ரூம்புலேருந்து வந்துட்டாங்க. "வலியை முருகன் வாங்கிக்கினான்டி. நீ தொட்டுத் தீட்டாக்காத."

"வலியை வாங்கிக்கினவன் முள்ளையும் வாங்கிக்கினு போயிருக்கலாமே அண்ணி" ன்னு அம்மா கேட்டுச்சு.

எங்கம்மா அத்தைக்கு எதிர்ப்பேச்சு பேசி நான் கேட்டது அதான் முதல் தடவை. பூக்காரர் மெதுவா எழுந்து போயிட்டாரு.

ஆஸ்பத்திரிக்குப் போலாம்னு அம்மா சொன்னதுக்கு நைனா ஒத்துக்கல. காவடி ஏறி எறங்கட்டும், அப்பறம் பாத்துக்கலாம்னாரு. செருப்பாச்சும் போடுங்கன்னா அதுவும் மாட்டேன்னாரு. அம்மா மஞ்சளும் வேப்பெண்ணெயும் வெச்சிக் கட்டிப் பாத்துச்சு. கால் செவந்து வீங்கினதுதான் மிச்சம். செவப்பு கணுக்காலைத் தாண்டி மேல ஏறுது, உடம்பு கொதிக்குது, அவரு மட்டும் வலி இல்ல வலி இல்லன்னு சொல்லிக்கினு நடக்கறாரு. வலி இல்லாததுதான் அம்மாவுக்கு பயம். எத்தினி காலு பாத்த பொம்பள, முள்ளு எடுக்கும்போது கத்தாத காலை அது பாத்ததே இல்ல.

கிருத்திகைக்கு மொத நாள் காலையில அரக்கோணத்துலேருந்து நைனாவோட தம்பி, எங்க சித்தப்பா வந்தாரு. ரயில்வேல வேலை அவருக்கு. காவடிக்குத் துணையாப் போறதுக்கு லீவு போட்டுட்டு வந்திருந்தாரு. அம்மா எல்லாரையும் கூடத்துல வெச்சிக்கினு நைனாகிட்ட ஒண்ணே ஒண்ணு கேட்டுச்சு.

"நான் சொல்றதை ஒரு தடவை கேளுங்க. அப்பறம் நீங்க மலையேறுங்க, நான் தடுக்கல. கண்ணை மூடிக்கோங்க. நான் கால்ல தொடும்போது தொட்டேன்னு சொல்லணும்."

"இன்னா வெளையாட்டு இது" ன்னு நைனா சிரிச்சிக்கினே கண்ணை மூடினாரு.

அம்மா சாவிக்கொத்துலேருந்து பெரிய சாவியை எடுத்து, அவர் கட்டை வெரல் நுனியில வெச்சி அழுத்துச்சு. நைனா சும்மா இருந்தாரு. பக்கத்து வெரல்ல அழுத்துச்சு, சும்மா இருந்தாரு. நல்ல கால்ல உள்ளங்கால் நடுவுல சாவியை நிறுத்தி, அச்சு பதியற மாதிரி அழுத்துச்சு. சித்தப்பா வாயைத் தொறந்தாரு, அம்மா கையைக் காட்டி அடக்கிடுச்சு.

நைனா கண்ணைத் தொறக்காமயே கேட்டாரு. "தொடேன். இன்னும் ஏன் சும்மா இருக்கே?"

அவரு கண்ணைத் தொறந்து குனிஞ்சி பாத்தாரு. சாவி அவர் கால்லயே இருந்துச்சு. அவர் மூஞ்சியில ரத்தம் எறங்கினதை நான் பாத்தேன். எங்க நைனா பயந்து நான் பாத்ததில்ல, அன்னிக்குப் பாத்தேன், எனக்கு அழுகை வந்துடுச்சு.

"காவடி?" ன்னு மட்டும் கேட்டாரு.

"காவடி மலைக்குப் போகணும், அவ்ளோதானே. நான் எடுக்கறேன். நீங்க தம்பியோட ரயில் ஏறுங்க, அரக்கோணம் ஆஸ்பத்திரி அவருக்குத்தான் தெரியும்."

அத்தை விடல. "நம்ம வகையறாவுல பொம்பள தோள்ல காவடி ஏறினது இல்லடி. எங்க வூட்டுக்காரர் போனது பத்தாதா? இவனையும் அனுப்பிடலாம்னு பாக்கறியா?"

"இவரை அனுப்பக் கூடாதுன்னுதான் அண்ணி எடுக்கறேன். மத்த வகையறாவுல பொம்பளைங்க எடுக்கறாங்க. அவங்களையெல்லாம் முருகன் பாதி மலையில எறக்கியா வுட்டான்?" அம்மா குரலை ஒசத்தல. சொல்லிட்டுப் பரண்லேருந்து டயர் செருப்பை எடுத்துத் தூசி தட்டி, ஆணி எதாச்சும் துருத்துதான்னு கையை வுட்டுப் பாத்து, நைனா கால்ல துணி சுத்தி மாட்டிவுட்டுச்சு. சித்தப்பா அவரை சைக்கிள்ல ஒக்கார வெச்சி ஸ்டேஷனுக்குத் தள்ளிகினு போனாரு. கால் தரையில படக் கூடாதுன்னு அம்மா தெருக்கோடி வரைக்கும் பின்னாலயே போச்சு.

நைனா கதையை முதல்ல முடிச்சிடறேன், நீங்க மனசுல வெச்சிக்கினே இருப்பீங்க. அரக்கோணத்துல பாத்துட்டு மெட்ராஸுக்கு அனுப்பிட்டாங்க. சக்கரை வியாதி, நரம்பு மரத்துப் போச்சின்னு அங்கதான் தெரிஞ்சிது. கட்டை வெரலையும் பக்கத்து வெரலையும் எடுத்தாங்க. இன்னும் கொஞ்சம் லேட்டாயிருந்தா முட்டிக்குக் கீழ மொத்தமாப் போயிருக்கும்னாங்க. திரும்பி வந்தப்பறம் அம்மா வெச்ச சட்டத்துல அவர் காலு இருந்துச்சு. ராத்திரி காலைக் கழுவி, பழைய வேட்டித் துணியால வெரல் இடுக்கெல்லாம் ஈரம் இல்லாமத் தொடைக்கணும். தேங்காயெண்ணெய் குதிகாலுக்கு உண்டு, வெரல் இடுக்குக்குக் கெடையாது. நகத்தை நேரா வெட்டணும், ஓரத்தைத் தோண்டக் கூடாது. சுடுதண்ணியில அவரு காலை வெக்கறதுக்கு முன்னால நாங்க யாராச்சும் கை வெச்சிப் பாக்கணும். செருப்பு வாங்கப் போனா சாயங்காலமாத்தான், காலையில சரியா இருக்கற செருப்பு சாயங்காலம் வீங்கின காலைக் கடிக்கும். எனக்கும் அளவா ஒரு ஷூ வந்துச்சு, துணி அடைக்காத ஷூ. "கலெக்டர் வர்றாங்க, காலைக் காட்டுங்கடா" ன்னு நைனா அம்மாவைக் கிண்டல் பண்ணுவாரு, பண்ணிக்கினே காலை நீட்டுவாரு. அந்த அப்பளப் பேச்சும் திரும்பி வந்துச்சு. பின்னால மலைக்குப் போனா ரோடு வழியா வண்டியில போய், சாக்ஸ் போட்டுக்கினு நடந்தாரு. பாத்தவங்க பாத்தாங்க. என் பிள்ளைங்களைத் தோள்ல தூக்கிகினு கரும்புக் கொல்லைக்குப் போய் வர்ற வரைக்கும் ரெண்டு காலும் அவருக்கு இருந்துச்சு.

இதெல்லாம் பின்னால. கிருத்திகை அன்னிக்குக் காலையில எங்களுக்கு ஒண்ணும் தெரியாது. அவரு உசுரோட இருக்காரான்னே தெரியாம அம்மா சரவணப் பொய்கையில முழுகி எழுந்து, மஞ்சப் பொடவையோட பூக்காவடியைத் தோள்ல வெச்சிக்கிச்சு. பம்பை முழங்குது, அரோகரான்னு கூட்டம் கத்துது. அத்தை வரமாட்டாங்கன்னு நெனைச்சேன். வாயே தொறக்காம எங்க பின்னால வந்தாங்க. படியில பாதி ஏறினதுமே வெயில் வந்துடுச்சு. அம்மா ஒவ்வொரு படிக்கும் பல்லைக் கடிக்குது, கண்ணுல தண்ணி வழியுது. வழியில தண்ணி ஊத்தறவங்க ஊத்தினா ஒரு படி ஆறும், அடுத்த படி கொதிக்கும். நான் அம்மா பொடவை நெழல்லயே கால் வெச்சி வெச்சி ஏறினேன். ஒருத்தரும் அம்மா கால்ல வந்து வுழல. காவடிக்காரம்மா இப்படித் துள்ளுதேன்னு ரெண்டு பேர் சிரிச்சாங்க.

சன்னதியில காவடியைச் செலுத்திட்டு வெளிய வந்தோம். சரியான உச்சி வெயில். பிராகாரக் கல்லுல கால் வெச்ச ஒடனே அம்மா என்னைத் தூக்கி இடுப்புல போட்டுக்கினு மண்டபத்து நெழலுக்கு ஓடிச்சு. கூட்டமே ஓடுது. நெழல்ல நின்னு திரும்பிப் பாத்தா அத்தையைக் காணோம். வெயில்ல, நட்ட நடுவுல நின்னுகினு இருந்தாங்க. பிரசாத விபூதியைப் பொட்டலமா மடிச்சி, முந்தானையில முடிஞ்சி, அந்த முடிச்சை அவுத்துத் திரும்ப முடியறாங்க. ஒரு அவசரமும் இல்ல.

"அண்ணி, வாங்க நெழலுக்கு" ன்னு அம்மா கூப்புட்டுச்சு.

"வரேன் வரேன். இன்னா ஓட்டம்."

அம்மா என்னைக் கீழ எறக்கி வுட்டுச்சு. கொஞ்ச நேரம் அத்தை காலையே பாத்துச்சு. அப்பறம் கொதிக்கற கல்லுல துள்ளிகினே திரும்பப் போச்சு. நான் மண்டபத்துத் தூணைப் புடிச்சிக்கினு எட்டிப் பாத்தேன், பேசறது நல்லாக் காதுல வுழுந்துச்சு.

"உங்களுக்குச் சுடலையா அண்ணி?"

"பழகின காலுடி."

"என் காலும் பழகினதுதான். தெனம் கொல்லையில நடக்கறதுதான். எனக்குச் சுடுது."

அத்தை அந்தப் பக்கம் இந்தப் பக்கம் பாத்தாங்க. வாய் கோணிக்கிச்சு. "போன வருஷத்துலேருந்தே சுடல" ன்னாங்க. "தம்பிக்குக் குடுத்ததை எனக்கும் குடுத்தான்னு சந்தோஷமா இருந்தேன். நேத்து நீ சாவியை வெச்சி அழுத்தினியே, அப்பலேருந்து நெஞ்சு அடிச்சிக்குதுடி."

"நேத்தே ஏன் சொல்லல?"

"எந்த வாயால சொல்றது? வரம்னு ஊரைக் கூட்டிச் சொன்னதே நான்தானே."

அம்மா அந்தக் கல்லு மேலயே குந்திக்கிச்சு. பொடவை ஈரத்துல ஆவி வந்துச்சு. அத்தை காலை ரெண்டு கையாலயும் தூக்கித் தன் மடியில வெச்சிக்கிச்சு. அத்தை நெல தடுமாறி அம்மா தோளைப் புடிச்சிக்கினாங்க. உள்ளங்கால்ல காசு அகலத்துக்குக் கொப்புளம் கெளம்பி உடைஞ்சி தண்ணி வந்துகினு இருந்துச்சு. அத்தைக்கு அது தெரியவே இல்ல. அம்மா மஞ்சப் பொடவை முந்தானையைப் பல்லால கிழிச்சி அதுல சுத்த ஆரம்பிச்சிது. பெரியவங்க காலை மடியில வெச்சிக்கினு ஒரு பொம்பள வெயில்ல ஒக்காந்திருக்கான்னு கூட்டம் நின்னு வேடிக்கை பாக்குது.

"வுடுடி, ஊரே பாக்குது" ன்னு அத்தை அழுதாங்க.

"பாக்கட்டும் அண்ணி" ன்னு அம்மா துணியை இறுக்கிக் கட்டிக்கினே சொல்லுச்சு. "இத்தினி நாளு அவர் கால்ல வுழுந்தாங்களே, ஒருத்தராச்சும் பாத்தாங்களா?"